நண்டை எழுதிக் கொடுத்த கதை

கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறியபோது என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு ரூலிங் பேனாவும் சில தூரிகைகளும் போஸ்டர் கலர் புட்டிகளும் இருந்தன. சென்னையில் வர்த்தக ஓவியம் படித்து முடித்து, ஏதாவது விளம்பரக் கம்பெனியில் சேரலாம் என்று காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். பெட்டி கட்டும்போது என் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "அந்தமான்ல போய் எதுக்குடி இதெல்லாம்? அங்க யாருடி விளம்பரம் பண்ணப் போறாங்க, குரங்கா?" போர்ட் பிளேர் பக்கம் குரங்கே கிடையாது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

என் கணவருக்கு ஹேடோ துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலில் எத்தனை மூட்டை இறங்கியது, எது நனைந்திருந்தது, யார் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற வேலை. கப்பல் நிற்கிற நாட்களில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதே பெரிய விஷயம். எனக்குக் குவார்ட்டர்ஸில் பொழுது போகவில்லை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது அழைப்பிதழ் அட்டைகளுக்குக் கையால் பூ வரைந்து கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு டீக்கடைக்காரர் போர்டு எழுதித் தரச் சொன்னார். இந்தி, வங்காளி, தெலுங்கு, தமிழ் நாலிலும் வேண்டுமாம். தெலுங்கு எனக்குத் தெரியாது. யாரோ ஒரு காகிதத்தில் எழுதித் தந்ததைப் பெரிதாக்கி, நிழல் கொடுத்து, மஞ்சள் விளிம்பு போட்டு அருமையாக எழுதினேன். போர்டை மாட்டிய அன்று ஒரு தெலுங்கு மேஸ்திரி வந்து, தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஓர் எழுத்து மட்டும் தலைகீழாக நின்றிருந்தது. கடைக்காரர் அதைத் திருத்தவே விடவில்லை. அதைப் பார்க்கவே ஆள் வருகிறது என்றார்.

அந்த டீக்கடையில்தான் எண்ணெய் அண்ணாச்சி என் வேலையைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அபர்டீன் பஜாருக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் தெருவில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதுவரை எண்ணெயைப் பீப்பாயிலிருந்து அளந்து விற்றுக்கொண்டிருந்தவர், இனி டின்னில் அடைத்து மெயின்லேண்டுக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார்.

"டின்னுக்கு மேல ஒட்டுத லேபிள் வேணும் தங்கச்சி. ஒரு தடவை பாத்தா மறக்கப்படாது. சாமி படம் வேண்டாம். சாமி படத்த ஒட்டி எண்ணெய் ஒழுகுச்சுன்னா ஊர்ல நம்மளத் திட்டுவாவ."

என்ன போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் கார் நிக்கோபார் தீவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. என் கணவர் துறைமுகச் சரக்கு ஷெட்டிலிருந்து ஆள் அனுப்பினார், "உனக்கு மாடல் வந்திருக்கு, உடனே வா" என்று. போனால், ஒரு மாலுமி பிரம்புக் கூடைக்குள் தென்னை நண்டு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். நான் அதுவரை பார்த்த நண்டெல்லாம் குழம்பில் கிடந்தவை. இது வேறு ஜாதி. நீலமும் ஆரஞ்சும் கலந்த ஓடு, என் முன்கை தடிமனுக்கு ஒரு கொடுக்கு, பார்வையில் அப்படி ஓர் அலட்சியம். அது தென்னை மரம் ஏறும், தேங்காயை உரித்துத் தின்னும் என்று மாலுமி சொன்னார். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று நாலு பாஷையில் யோசனை சொன்னார்கள். ஒருவர், காலை எண்ணிப் போடு என்றார். இன்னொருவர், சிரிக்கிற மாதிரி போடு என்றார். அளவு பார்க்க நான் பென்சிலைக் கிட்டே நீட்டியதும் நண்டு அதை வாங்கி இரண்டாக நறுக்கிப் போட்டது. கூட்டம் கைதட்டியது.

அந்த நண்டு ஒரு தேங்காயைக் குழந்தையை அணைத்துக்கொள்வது போல மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிற மாதிரி லேபிள் வரைந்தேன். அண்ணாச்சி படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏ யப்பா! இது நண்டா, சண்டியரா? எங்கிட்ட இருந்து எவன் தேங்காயப் பிடுங்குவான்னு கேக்குதுல்லா!"

அந்த இடத்திலேயே பணம் கொடுத்தார். கூடவே ஒரு டின் எண்ணெய். சென்னைக்குப் படத்தை அனுப்பி, அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்து, லேபிள் அச்சாகி அடுத்தடுத்த கப்பலில் வந்தது. பஜாரில் கடைக்குக் கடை என் நண்டு தேங்காயை அணைத்துக்கொண்டு வரிசையாக நின்றது. காய்கறி வாங்கப் போனால் நான் தேவையில்லாமல் இரண்டு கடை தாண்டிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

நண்டு பிரபலமானதும்தான் வம்பு வந்தது. லம்பா லைன் என்கிற பகுதியில் ஓர் அக்கா வீட்டிலேயே துணி சோப்பு காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழர். அங்கே இருக்க முடியாமல் போய், கப்பலில் திரும்பியவர்களோடு வந்து, கடைசியில் தச்சு வேலை செய்யும் கணவரோடு இந்தத் தீவில் இறங்கியவர். சிக்கனமான பேச்சு. என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதச் சுத்தற காயிதத்துல அந்த நண்டு வேணும்மா."

"எண்ணெய் டின்ல இருக்கே, அந்த நண்டாக்கா?"

"அதேதான். கையில தேங்காய்க்குப் பதிலா சோப்பு. அவ்வளவுதான். காசு குடுத்துடறேன்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் எழுந்து போனதும், நண்டு இரண்டு கொடுக்கிலும் சோப்பைத் தூக்கிப் பிடித்து, சுற்றிலும் நுரைக் குமிழிகள் பறக்கிற மாதிரி ஒரு மாதிரிப் படம் போட்டுப் பார்த்தேன். ஈரக் காற்றில் சாயம் காயவே மாட்டேன் என்றது. ஜன்னலோரம் பரப்பி, ஓரத்தில் கலர் புட்டியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

தெருமுனையிலேயே குரல் கேட்டது. அண்ணாச்சி புது எண்ணெய் கொண்டு வந்திருந்தார். என் கணவர் அன்று கப்பல் இல்லாததால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி டின்னைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"தங்கச்சி, இது யாரு?"

"நண்டு அண்ணாச்சி."

"நண்டுன்னு தெரியுது. இது யாரு நண்டு?"

"நான் போட்ட நண்டு."

"நீங்கதான் போட்டிய. துட்டுக் குடுத்தது யாரு? என் நண்டு எப்படி இன்னொருத்தங்க சோப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? நாளைக்கு சோப்புல அழுக்குப் போகலன்னா என் எண்ணெயத்தான பேசுவாவ?"

"நீங்க படத்த வாங்கினீங்க. நண்டையே வாங்கிட்டீங்களா? அப்ப நான் இனிமே நண்டே போடக் கூடாதா?"

"போடுங்க! வேற நண்டு போடுங்க! கடல்ல எத்தனை நண்டு கிடக்கு!"

"எந்த நண்டு வேற நண்டு, எந்த நண்டு உங்க நண்டுன்னு யார் சொல்றது?"

அவர் டின்னைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு நண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையில் எனக்கும் பதில் தெரியாது. படிப்பில் வண்ணச் சக்கரம் சொல்லிக் கொடுத்தார்கள், எழுத்தின் இடைவெளி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு படத்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டால், அதில் எது போகிறது, எது என்னிடம் தங்குகிறது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணாச்சி என்னை ஏமாற்ற வந்தவரில்லை. நானும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. அவர் மனதில் ஒரு வியாபாரம் நடந்திருந்தது, என் மனதில் இன்னொரு வியாபாரம்.

இத்தனைக்கும் நடுவில் என் கணவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசி வாய் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "எங்க ஷெட்ல இருந்து ஒரு கருவாட்டு மூட்டை வெளிய போகணும்னாக்கூட, யாரு குடுத்தா, யாரு வாங்கினா, உள்ள என்ன இருக்கு, எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீங்க ரெண்டு பேரும் ஒரு நண்டையே வித்து வாங்கியிருக்கீங்க. ஒரு துண்டுச் சீட்டு உண்டா?"

இல்லை என்று இருவரும் தலையாட்டினோம்.

"அப்ப நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய் எழுதிட்டு வாங்க. சண்டைக்கு இல்ல. பத்திரத்துக்கு."

மறுநாள் அண்ணாச்சி கருவூலத்தில் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு வந்தார். கோர்ட் வராந்தாவில் ஒரு முன்ஷி இருந்தார். பத்திரமும் மனுவும் டைப் அடித்துக் கொடுப்பவர். அவருடைய தாத்தா கைதியாக வந்து, விடுதலைக்குப் பிறகு இங்கேயே குடும்பம் கட்டியவர். வீட்டில் இந்தி, காகிதத்தில் ஆங்கிலம், பஜாரில் பழகிய தமிழ். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி, பழைய டைப்ரைட்டர்.

"ஆயியே, வாங்க பஹன்ஜி. என்ன விக்கிறீங்க? நிலமா, வீடா?"

"படம்" என்றேன்.

"தஸ்வீர்?" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முப்பது வருஷமா இங்க இருக்கேன். மாடு எழுதினேன், போட் எழுதினேன். ஒருத்தன் கல்யாணத்துக்கு முன்னாடி சைக்கிள் எழுதினான். தஸ்வீர் இதான் முதல் தடவை. என்ன தஸ்வீர்?"

அண்ணாச்சி லேபிளை நீட்டினார்.

"அரே, கேக்டா! நண்டு! எங்க வீட்டு டின்னும் இதான்" என்று மகிழ்ந்துபோனார். மேஜை இழுப்பறையைத் திறந்து, நிலம் விற்பதற்கான பழைய மாதிரி ஒன்றையும் மாடு விற்பதற்கான மாதிரி ஒன்றையும் வெளியே எடுத்தார். படத்துக்கு மாதிரி இல்லாததால் இரண்டையும் கலந்து எழுதுவதாகத் தீர்மானம் செய்தார்.

"முதல்ல நாலு எல்லை சொல்லுங்க."

"படத்துக்கு எதுக்குங்க எல்லை?"

"எல்லை இல்லாம பத்திரம் கிடையாது பஹன்ஜி. வடக்கு என்ன?"

நான் லேபிளைப் பார்த்தேன். வடக்கே அண்ணாச்சியின் மில் பேர். தெற்கே எண்ணெயின் எடை. கிழக்கே தென்னை மரம். மேற்கே கடல், அதில் ஒரு சின்னப் பாய்மரப் படகு. சொல்லச் சொல்ல அவர் அடித்துக்கொண்டே போனார். அடித்து முடித்துப் படித்துக் காட்டியபோது எனக்கு ஆச்சரியம். லேபிளைப் பார்க்காதவர்கூட அதைக் கேட்டே வரைந்துவிடலாம்.

அடுத்தது மாட்டு மாதிரியிலிருந்து வந்தது. அவர் ஆங்கிலத்தில் படித்துவிட்டு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்: "இந்த நண்டு, அதோட கால், கொடுக்கு, இனிமே அது போடற குட்டி எல்லாம் சேர்த்து விக்கறேன்."

"குட்டியா?" என்றேன்.

"மாடு வித்தா கன்னுக்குட்டியும் வாங்கினவனுக்குத்தானே? அதே மாதிரி."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்ஷிஜி, அதுதான் வேணும்! இந்த நண்டையே கையத் தூக்கிப் போட்டு, காலை நீட்டிப் போட்டு, தொப்பி வச்சுப் போட்டு, இது வேற நண்டுன்னு எவனும் சொல்லப்படாது. குட்டியெல்லாம் எனக்கு."

அவர் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. என் நண்டை நான்கு தினுசாக வரைந்து நாலு பேருக்கு விற்றால் அவர் டின்னுக்கு என்ன மதிப்பு? ஆனால் என் பக்கமும் ஒன்று இருந்தது.

"குட்டி உங்களுக்கு அண்ணாச்சி. ஆனா கடல்ல இருக்கற மத்த நண்டெல்லாம் எனக்கு. நாளைக்கு ஒரு புத்தகத்துக்கு நண்டு போடச் சொன்னா நான் போடுவேன். அது இந்த நண்டு மாதிரி தேங்காயைக் கட்டிப் பிடிச்சிருக்காது, இந்த முகம் இருக்காது. அதையும் எழுதணும்."

முன்ஷி தாடியைத் தடவினார். "பாக்கி நண்டெல்லாம் பஹன்ஜிக்கு. டீக் ஹை." டைப்ரைட்டர் கடகடத்தது.

இப்படியே ஒவ்வொன்றாக வந்தது. மூலப் படம் யாரிடம் இருக்கும் என்று முன்ஷி கேட்டார். அண்ணாச்சியிடம் என்று எழுதினோம். பென்சிலில் போட்டுப் பார்த்த மாதிரிப் படங்கள்? அவையும் தனக்கு வேண்டும் என்றார் அண்ணாச்சி. கை பழகியது அதில்தான் இருக்கிறது, தர மாட்டேன் என்றேன். நான் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்று முடிவானது. படத்தின் மூலையில் தென்னை ஓலைக்குள் என் பேரின் முதலெழுத்தை மறைத்து வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கும், அண்ணாச்சி அழிக்கக் கூடாது என்று எழுதச் சொன்னேன். அவருக்கு அதுவரை அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாது. லேபிளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடினார். கண்டுபிடித்ததும், "கள்ளத்தனத்தப் பாத்தியளா!" என்று முன்ஷியிடம் பெருமையாகக் காட்டினார்.

விலை என்ன என்று எழுத வேண்டிய இடம் வந்தது. கொடுத்த பணத்தைச் சொன்னோம். அண்ணாச்சி தானாகவே, "அதோட, ஒவ்வொரு தடவை புது லேபிள் அச்சாகி வரும்போதும் தங்கச்சிக்கு ஒரு டின் எண்ணெய்னு போடுங்க" என்றார். முன்ஷி எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி ஒரு ஷரத்தைத் தன் சர்வீஸில் யாரும் தனக்குப் போடவில்லை என்றார்.

கடைசியில் சோப்பு விஷயம். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். அந்த அக்கா சோப்புக்கு எண்ணெய் வாங்குவதே அவர் மில்லில்தான். "எங்கிட்டயே எண்ணெய் வாங்குறதா இருந்தா சோப்புக்கு நண்டப் போட்டுக்கிடட்டும். அதுக்குத் துட்டு வேண்டாம்னு போய்ச் சொல்லுங்க" என்றார். பெரிய மனது என்று அவருக்கே அவர் மேல் மதிப்பு வந்ததை முகத்தில் பார்த்தேன்.

முத்திரைத்தாளின் கீழ் ஒரு லேபிளை ஒட்டி, அதன் விளிம்பின் மேலேயே, பாதி லேபிளிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பிரித்து எடுத்து வேறு படம் ஒட்ட முடியாது என்று முன்ஷி விளக்கினார். தேதி, சாட்சி எல்லாம் முடிந்தது. என் வேலையை நான் விற்றேன் என்று எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை ஏதோ கைவேலை செய்து காசு வாங்குகிறவள் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்தபோது, நிலத்தையும் படகையும் போல விற்கத் தகுந்த ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் சரியாகப் பாவவில்லை.

அன்று சாயங்காலமே லம்பா லைனுக்குப் போய் சோப்பு அக்காவிடம் நல்ல செய்தியைச் சொன்னேன். அவர் சோப்புக் கட்டிகளைக் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, கம்பியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்மா."

"ஏன்க்கா? சும்மாவே தர்றேங்கறாரே."

"அதான் வேண்டாம். சும்மா வாங்கினது அவரு சும்மா இருக்கற வரைக்கும்தான். நாளைக்கு வேற இடத்துல எண்ணெய் மலிவாக் கிடைச்சா நான் வாங்க வேணாமா? அப்ப நண்டக் குடுன்னு வருவாரு." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "ரங்கூன்ல எல்லாம் எங்களோடதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். எனக்கு எனக்கேன்னு ஒண்ணு போட்டுக் குடு. சின்னதா இருந்தாப் போதும். அதுக்கும் இந்த மாதிரி காயிதம் எழுதிக் குடு."

என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். சங்கு, தாமரை, கொக்கு என்று நான் சொன்ன எதுவும் பிடிக்கவில்லை. வெளியே கை காட்டினார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கமுகு மரத்துக்கு நடுவே கொடி கட்டியிருந்தது. கணவரின் வெள்ளைச் சட்டைகளும் வேட்டியும் கடல் காற்றில் வயிறு உப்பிக்கொண்டு நின்றன.

"சோப்பு வாங்கறவங்களுக்கு வேற என்னம்மா வேணும்? அதப் போடு."

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தாளில் பூஞ்சை படிந்து இரண்டு படம் வீணானது. மூன்றாவதை அடுப்பு மேடைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். லேசாகச் சாம்பார் வாசனை வந்தது, ஆனால் பூஞ்சை வரவில்லை.

இதற்கிடையில் அண்ணாச்சி சென்னைக்குப் போய்த் திரும்பியிருந்தார். கப்பல் விட்டு இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். நடந்ததைச் சொல்ல அவருக்கு உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொன்னார். லேபிள் அச்சடித்த அச்சகத்தில் ஒரு கூந்தல் தைல வியாபாரி நண்டுப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். பிளாக் நம்மிடம்தானே இருக்கிறது என்று அச்சக முதலாளியும் அந்த நண்டின் கொடுக்கைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு மாதிரி தயார் செய்துவிட்டார். அண்ணாச்சி போனபோது அது மேஜைமேலேயே கிடந்திருக்கிறது.

"நான் சத்தமே போடல தங்கச்சி."

என் கணவர் நம்பாமல் பார்த்தார்.

"கொஞ்சம் போட்டேன். அப்புறம் பத்திரத்த விரிச்சு வச்சேன். அவரு படிச்சாரு. வடக்கு எல்லை, தெக்கு எல்லைன்னு வந்ததும் என்னய ஒரு மாதிரிப் பாத்தாரு. குட்டிங்கிற இடம் வந்துச்சு பாருங்க, கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு ஒரே சிரிப்பு. ஆள் நல்ல மனுசன்தான். கொடுக்குத் தூக்கினது குட்டிதான், ஒத்துக்கிடுதேன்னு சொல்லி, அந்தத் தாள என் கையிலயே குடுத்துட்டாரு. பிளாக்கையும் நானே கையோட வாங்கிட்டு வந்துட்டேன்."

பையிலிருந்து கனமான பிளாக்கை எடுத்து வைத்தார். பிறகு ஒரு விலாசச் சீட்டையும் எடுத்தார். அந்த முதலாளி, இந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டாராம். தீவில் இருக்கிற ஒரு பெண் என்றதும் இன்னும் ஆச்சரியமாம். தீப்பெட்டிக்கும் ஊதுபத்திக்கும் லேபிள் வரைந்து கப்பல் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னாராம். "பத்திரத்தோட அனுப்பச் சொல்லுங்க, ஆனா குட்டி வேண்டாம்" என்றும் சொன்னாராம்.

அன்றிலிருந்து பல வருஷங்கள் என் படங்கள் மெயின்லேண்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு தாள். எது விற்பனை, எந்தச் சரக்குக்கு, எது என்னிடம் இருக்கிறது என்று நானே எழுதக் கற்றுக்கொண்டேன். என் அக்கா சென்னையில் ஊதுபத்திப் பாக்கெட் வாங்கி, அட்டையில் என் எழுத்தைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டாள். குரங்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், சோப்பு அக்காவின் படம் காய்ந்ததும் அவரை முன்ஷியிடம் கூட்டிப் போனேன். அவர் தலை வாரி, பூ வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்ஷிக்கு இப்போது கை பழகிவிட்டது. படபடவென்று அடித்து முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்துக்கு நீட்டினார். அக்கா பேனாவை வாங்கினார். முன்ஷி கைநாட்டு வைக்க மை வைத்த பஞ்சுப் பெட்டியைத் தயாராக அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து நிதானமாக எழுதினார். வட்டம், அரை வட்டம், வட்டத்துக்குள் வட்டம். முத்துக் கோத்த மாதிரி ஒரு வரி.

"யே க்யா? இது என்ன எழுத்து?" என்றார் முன்ஷி.

"என் பேரு. பர்மாவுல படிச்சது. தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது."

முன்ஷி எழுத்தின் பக்கத்தில், பர்மிய மொழியில் கையெழுத்திட்டார் என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினார். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மொழி எழுத்துகளை வரைந்திருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒன்றோடொன்று உட்காருகிற எழுத்தைப் பார்த்ததில்லை.

"அக்கா, சோப்போட பேர இதுல எழுதிக் காட்டுங்களேன்."

ஒரு துண்டுத் தாளில் எழுதினார். படத்தில் கொடிக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருந்தது. அதைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. துண்டுத் தாளை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"போடலாமா? யாரும்மா படிப்பாங்க?"

"பர்மாவுல இருந்து வந்த குடும்பம் இங்க எத்தனை இருக்கு? அவங்க படிப்பாங்க."

"பஹன்ஜி!" முன்ஷி இரண்டு கையையும் தூக்கினார். "ஸ்டாம்ப் பேப்பர் டைப் ஆயிடுச்சு! கையெழுத்து ஆயிடுச்சு!"

"இடம் இருக்கே, பேனாவால எழுதுங்களேன் முன்ஷிஜி."

அவர் முணுமுணுத்துக்கொண்டே, தெற்கு எல்லைக்குப் பக்கத்தில், பர்மிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கப்படும், அதுவும் வாங்குபவருக்கே சொந்தம் என்று பேனாவால் சேர்த்தார். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் இருவரும் மறுபடி கையெழுத்துப் போட்டோம். அக்கா இந்தத் தடவை இன்னும் நிதானமாகப் போட்டார். மை காயும்வரை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வராந்தா வெயிலில் நின்றார்.

சோப்பு உறை அச்சாகி வந்தபிறகு ஒருநாள் பஜாரில் பார்த்தேன். கடை முன்னால் ஒரு வயதான மனிதர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழையும் இந்தியையும் தாண்டி, அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் விலை சொன்னது அவர் காதில் விழவில்லை. படித்து முடித்துவிட்டு, இன்னும் நாலு கட்டி கொடு என்றார்.